பிணம் விழாத மர்மம்

சிரிக்கச் சிரிக்கத் துப்பறியும் கதையா? அதெல்லாம் இங்கிலாந்துக் கிராமத்துக்குச் சரி. பின்னல் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் கிழவி குற்றவாளியைப் பிடிக்கிற கதை காஞ்சிபுரத்தில் எடுபடுமா? எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. நம் வாசகருக்கு ரத்தம் வேண்டும், போலீஸ் ஜீப் வேண்டும் என்று அதற்கு ஒரு வாலும் உண்டு.

இறக்குமதிச் சரக்கு என்கிற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக நாவலில் வந்தது 1930-இல். 1940-களிலேயே ஆனந்த விகடனில் தேவன், துப்பறியும் சாம்புவை உலவ விட்டுவிட்டார். சாம்பு பேங்க் குமாஸ்தா, ஊரறிந்த அசடு. இன்ஸ்பெக்டர் கோபாலனுக்கு மட்டும் அந்த அசட்டுத்தனம் மேதைமையாகத் தெரியும். பின்னால் கோபுலு அதைச் சித்திரக் கதையாகவும் வரைந்தார். தேவனுக்கும் முன்பே வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஒரு சாமியாரைத் துப்பறிய வைத்தவர். அந்தத் ‘திகம்பர சாமியார்’ 1950-இல் படமானபோது நம்பியார் 11 வேடம் போட்டார். இத்தனைக்குப் பிறகும் நமக்குப் பழக்கமில்லாத சரக்கு என்றால் எப்படி?

சிரிப்பு வந்தால் திகில் போய்விடும் என்பது அடுத்தது. சாம்புவுக்கு ஒன்றும் தெரியாது என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். நகையை யார் எடுத்தார் என்பதைவிட, இந்த மனிதர் எதில் இடறி விழுந்து திருடன் மேலேயே போய் விழப்போகிறார் என்று மனசு பரபரக்கிறது. அதுவும் திகில்தான். சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வசந்த் கடிக்கிற கடியால் எந்தக் கதை படுத்தது? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாம்பு ஜெயிப்பது அதிர்ஷ்டத்தால். வாசகரும் கூடவே யோசித்து விடை கண்டுபிடிக்கிற வழி அங்கே கிடையாது. ஆனால் அது தேவன் தேர்ந்துகொண்ட பாதை. அதற்குச் சிரிப்பின் மேல் பழி போடக் கூடாது.

கொலை இல்லாமல் மர்மம் ஏது என்பவர்கள் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கடையேறிப் பட்டுப்புடவை வாங்கிப் பார்க்கலாம். கரை போட்ட பட்டுச் சேலை கைத்தறிக்கே உரியது என்று 1985-ஆம் வருஷத்துச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதை விசைத்தறியில் ஓட்டுவதே குற்றம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இருந்தும் போலிச் சேலை கல்யாண வீடுவரை போய்ச் சேர்கிறது. அசல் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. தறியில் நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். சேலையைப் புரட்டிப் போட்டு, கரை சேரும் கோட்டில் விரலை ஓட்டினால் மெல்லிய மேடு தட்டுப்படும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும் என்பார்கள். ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்தினால் மயிர் கருகுகிற நாற்றம் வரவேண்டும். சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். பெண்ணழைப்புக்கு முதல் நாள், கூறைப்புடவையை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். கத்தியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். சம்பந்தி வீட்டார் மூக்கில் அந்த நாற்றம் ஏறினால் போதும், மண்டபமே ரெண்டாகிவிடும்.

போலீஸ் இல்லாமல் சாதாரண ஆள் என்ன கண்டுபிடிக்க முடியும்? காஞ்சியில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். எந்த வீட்டுத் தறி எத்தனை நாளாக ஓடவில்லை, யார் வீட்டுப் பையன் திடீரென்று பைக் வாங்கினான் என்பதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே தெருவுக்குத் தெரியும். தறிச் சத்தம் நின்றால் ‘என்னாச்சு அத்தை’ என்று எட்டிப் பார்க்கிற தெரு அது. வரதராஜர் சன்னதியில் பிரபந்தம் யார் சேவிப்பது என்று வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் ஏறிய ஊரில் சாட்சிக்குப் பஞ்சமா, கருத்துக்குத்தான் பஞ்சமா?

கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2004-இல் அதே வரதராஜர் கோயில் வளாகத்தில் நிஜமாகவே ஒரு கொலை விழுந்தது; 2013-இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் விடுதலையானார்கள். அப்படிப்பட்ட ஊரை வைத்து விளையாட்டுக் கதையா என்கிறார்கள். அந்தக் கொலையை விளையாட்டாக்கு என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தொடாமல் எழுத அந்த ஊரில் வேறு விஷயமே இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. நம் தொடர்களில் துப்பறியும் பெண்களாகச் சுசீலாவும் ரூபலாவும் வந்தார்கள். ஆனால் இருவருமே ஓர் ஆணோடு ஜோடியாக வந்தவர்கள். அறுபது வயது தறிக்கார அம்மாள் தனியாக ஒரு வழக்கை முடிக்கிற கதையை யாராவது எழுதினால், இரண்டாம் அத்தியாயத்தில் அவர் புடவையை மடிக்கும்போதே கரை சேரும் இடத்து மேடு விரலில் தட்டுப்பட்டதைச் சொல்லிவிட வேண்டும். வாசகர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிற மாதிரி பக்கத்திலேயே குடலை இட்லியையும் மந்தாரை இலை வாசத்தையும் வைக்க வேண்டும். சாம்புவுக்கு அதிர்ஷ்டம் போதும். பிள்ளையார்பாளையத்து அத்தைக்கு அது ஆகாது.