எல்.எல்.சி.யுடன் வியாபாரமா? பங்காளிகள் யாரென்று கேளுங்கள்

அமெரிக்காவுக்கு ஆடை, மாணிக்கக்கல், கறுவா, தேயிலை அனுப்பும் நம்மவர்கள், வாங்குபவரின் பெயருக்குப் பின்னால் எல்.எல்.சி. என்ற எழுத்துக்களை அடிக்கடி காண்கிறார்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பனி என்பதே அதன் பொருள். 1977 இல் வயோமிங் மாநிலம் இதற்கான சட்டத்தை முதன்முதலில் இயற்றியது. இன்று அங்குள்ள சிறு வியாபாரிகள் பெரிதும் நாடும் அமைப்பு இதுதான். ஆனால் பணம் வராமல் போனால் இப்படிப்பட்ட கம்பனிக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று, சரக்கை அனுப்ப முன்னரே யோசிப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு புறமும் சமஷ்டி நீதிமன்றங்கள் மறு புறமும் இயங்குகின்றன. சாதாரண கொடுக்கல் வாங்கல் வழக்குகள் மாநில நீதிமன்றத்துக்கு உரியவை. இரு தரப்பினரும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்தால், அல்லது ஒரு தரப்பு அமெரிக்கராகவும் மறு தரப்பு வெளிநாட்டவராகவும் இருந்தால், பிணக்கின் பெறுமதியும் 75,000 டொலரைத் தாண்டினால், சமஷ்டி நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்கும். உள்ளூர்க்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சாய்ந்துவிடும் என்ற அச்சம் வெளியாருக்கு இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். எனினும் ஒரு தரப்பில் உள்ள எவரும் மறு தரப்பில் உள்ள எவருடனும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது என்று 1806 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

கூட்டிணைக்கப்பட்ட கம்பனியாக இருந்தால் சிக்கல் குறைவு. அது பதிவான மாநிலமும் அதன் தலைமை அலுவலகம் இயங்கும் மாநிலமும் தெரிந்தால் போதும். 1958 இல் காங்கிரஸ் வகுத்த விதி அது. எல்.எல்.சி.க்கு அந்த விதி பொருந்தாது. அதன் பங்காளிகள் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்தவரோ, எந்த நாட்டவரோ, எல்.எல்.சி.யும் அத்தனை இடத்துக்கும் உரியதாகிவிடும். பங்காளி இன்னொரு எல்.எல்.சி.யாக இருந்தால் அதன் பங்காளிகளையும் தேட வேண்டும்.

நமக்கு இதிலென்ன? இலங்கைக் கம்பனி ஒன்று வழக்காளி என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய எல்.எல்.சி.யில் நான்கு பங்காளிகள். மூவர் அமெரிக்கர். நான்காமவர் நியூ ஜேர்சியில் கிறீன் கார்டுடன் வாழும் நம் நாட்டுப் பிரஜை. அவர் ஒருவராலேயே, இரு பக்கமும் வெளிநாட்டவர் என்றாகி, சமஷ்டி நீதிமன்றத்தின் கதவு மூடிவிடும். அமெரிக்கப் பிரஜையான ஒரு பங்காளி நிரந்தரமாகக் கொழும்பில் குடியேறி வாழ்ந்தாலும் இதே கதிதான். அவர் எந்த மாநிலத்தவரும் அல்லர், வெளிநாட்டவரும் அல்லர். உறவினரை நம்பி அங்கு வியாபாரம் நடத்தும் நம்மவர்கள் மத்தியில் இத்தகைய பங்காளிகள் அபூர்வமல்லர்.

இதைப் பிந்திக் கண்டுபிடித்தால் வரும் இழப்புக்கு 2003 ஆம் ஆண்டின் ஒரு வழக்கே சான்று. பெல்வில் கேட்டரிங் என்ற நிறுவனத்துக்கும் சாம்பெயின் மார்க்கெட் பிளேஸ் எல்.எல்.சி.க்கும் இடையில் வாடகைப் பிணக்கு. சமஷ்டி நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் விசாரணை நடந்து எல்.எல்.சி.க்கு 220,000 டொலர் கிடைத்தது. மேன்முறையீட்டில்தான் நீதிபதிகள் பங்காளிகள் யாரென்று கேட்டார்கள். இரு தரப்பிலும் இலினோய் மாநிலத்தவர் இருந்தது தெரியவந்தது. அதுவரை எந்தச் சட்டத்தரணியும் அதைக் கவனிக்கவில்லை. தீர்ப்பு இரத்தானது. மாநில நீதிமன்றத்தில் மேற்கொண்டு செய்ய வேண்டிய வேலையைக் கட்டணமின்றிச் செய்து கொடுப்பதே முறை என்று சட்டத்தரணிகளுக்கு நீதிமன்றம் இடித்துரைத்தது.

என்னைக் கேட்டால் இவ்விதி மாற வேண்டும் என்பேன். டெலவெயர் மாநிலத்தில் எல்.எல்.சி.யைப் பதிவு செய்யும்போது பங்காளிகளின் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. வழக்காளி எங்கே போய்த் தேடுவார்? சமஷ்டி நீதிமன்றங்களின் சுமை கூடிவிடும் என்று விதியை ஆதரிப்போர் சொல்கிறார்கள். ஆனால் பலர் கூட்டாகத் தொடுக்கும் பெரிய வழக்குகளில் எல்.எல்.சி. போன்ற அமைப்புகளைக் கம்பனி போலவே கணிக்க 2005 இல் காங்கிரஸ் இணங்கியது. பெரிய வழக்குக்குச் சரியான விதி சிறு வியாபாரியின் வழக்குக்கு மட்டும் எப்படித் தவறாகும்? இத்தகைய வழக்குகளில் இரு தரப்பும் இந்த விபரத்தை ஆரம்பத்திலேயே வெளியிட வேண்டும் என்ற விதி 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் அது வழக்குத் தொடுத்த பிறகு கிடைக்கும் உதவி.

ஆகவே நமது காரியத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். உடன்படிக்கைக்கு முன் பங்காளிகள் யார், எங்கே வசிக்கிறார்கள், எந்த நாட்டுப் பிரஜைகள் என்று எழுத்தில் கேளுங்கள். பிணக்கு சமஷ்டி நீதிமன்றத்தில் மட்டுமே தீர்க்கப்படும் என்று எழுதிக் கையொப்பமிடாதீர்கள். சட்டம் தராத நியாயாதிக்கத்தை இரு தரப்பும் இணங்கினாலும் உண்டாக்க முடியாது. மாநில நீதிமன்றத்துக்கும் இடம் வையுங்கள்.

அதைவிடச் சிறந்தது நடுத்தீர்ப்புக்கு உடன்படுவது. இலங்கையும் அமெரிக்காவும் நியூயோர்க் சமவாயத்தில் அங்கம் வகிக்கின்றன. அதன் கீழ் வரும் நடுத்தீர்ப்பை அமுல்படுத்த அமெரிக்க சமஷ்டி நீதிமன்றத்தை நாடும்போது பங்காளிகளின் பிரஜாவுரிமையும் தடையல்ல, 75,000 டொலர் என்ற எல்லையும் இல்லை. உடன்படிக்கையில் நாலு வரி சேர்க்க ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணம், நடந்து முடிந்த வழக்கை மீண்டும் தொடங்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.