சமத்துக்கு வராத தாளம்

1941, ஜனவரி 15. ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரை ஒட்டிய போர்க்கைதிகள் முகாம். கடுங்குளிரில் சில நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நான்கு கைதிகள் வாசித்தார்கள். வயலின், கிளாரினெட், செல்லோ. சுருதி விலகிய பியானோவின் முன்னால், அந்த இசையை எழுதிய ஒலிவியே மெசியான். பிரெஞ்சுக்காரர், வயது 32. படைப்பின் பெயர் 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'. எழுதத் தாள் கொடுத்தவர் ஒரு ஜெர்மன் அதிகாரி.

அதன் முதல் பகுதியில் பியானோ பிடிக்கும் தாளம் இந்தியாவுடையது. 13-ஆம் நூற்றாண்டில் யாதவர்களின் தேவகிரியில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகரம்' 120 தேசி தாளங்களைப் பட்டியலிடுகிறது. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அதைக் கண்ட மெசியான், ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் ஆகிய மூன்றையும் கோத்து 17 கால அளவுகள் கொண்ட சுற்று அமைத்தார். அதன்மேல் 29 ஸ்வரக்கூட்டுகள் தனியாகச் சுழல்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் மறுபடி தொடங்க 493 தட்டுகள் ஆகும். அதற்கு வெகு முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. நம் காது காத்திருக்கும் சமம் வருவதேயில்லை.

தலையெண்ணி, மணியடித்து நாளை அளந்து கொடுக்கும் இடம் சிறை. அங்கே அளவில் அகப்படாத காலத்தை உண்டாக்கினார் மெசியான். பக்தியுள்ள கத்தோலிக்கரான அவருக்கு நித்தியம் என்பது அதுதான்.

1992-ல் அவர் மறைந்தார். அந்த மூன்று தாளங்களும் நம் கச்சேரி மேடைகளில் அநேகமாகக் கேட்பதில்லை. கேட்க விரும்புகிறவர்கள் மெசியானிடம்தான் போக வேண்டும்.