அடி வாங்கும் சாமர்த்தியம்

அடிக்கிற வீரனைப் புகழாத ஊர் கிடையாது. அடி வாங்குகிறவனை யார் புகழ்கிறார்கள்? ஆனால் அடி வாங்குவதையே ஒரு வித்தையாகப் பழகும் கூட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ, ராத்திரி எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "இன்றைக்கு நான்தான் டாங்க், அம்மா!" என்றால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளாதீர்கள். யுத்தகளத்து டாங்கியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சமாச்சாரம் இதுதான். 2004-ல் அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் கம்பெனி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் இண்டர்நெட் மூலம் ஒன்று சேர்ந்து ஒரு பெரிய ராட்சதனை எதிர்ப்பார்கள். இந்தப் படையெடுப்புக்கு 'ரெய்டு' என்று பெயர். ஆரம்பத்தில் ஒரு ரெய்டுக்கு 40 பேர் வரை போவார்கள். பலர் அடிப்பார்கள், சிலர் வைத்தியம் பார்ப்பார்கள், ஓரிருவர் கேடயத்துடன் முன்னால் நின்று அடியை ஏற்பார்கள். இவர்கள்தான் டாங்க்.

"கனத்த கவசம் போட்ட எவனும் நிற்கலாமே!" என்பீர்கள். அதுதான் இல்லை. ராட்சதனிடம் ஒரு கணக்கு இருக்கிறது. தனக்கு அதிகத் தொல்லை கொடுப்பவர் யார் என்று பேர் பேராகப் பதிந்து, முதலில் இருப்பவர் மேல் பாய்வான். அடித்தாலும் கணக்கு ஏறும். வைத்தியம் செய்தாலும் ஏறும். பக்கத்தில் நின்று அடிப்பவரின் கணக்கு டாங்கின் கணக்கைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினால், ராட்சதன் அவர் பக்கம் திரும்பி விடுவான். மெல்லிய உடுப்புக்காரருக்கு ஓரடியே போதும்! ஆகவே, சண்டை முழுவதும் கோபத்தைத் தன் பக்கமே இழுத்து வைத்திருப்பது டாங்கின் முதல் சாமர்த்தியம்.

இரண்டாவது, நிற்கும் இடம். அந்த விளையாட்டில் ஆனிக்ஸியா என்று ஒரு டிராகன். வாயிலிருந்து நெருப்புக் கக்கும், வாலால் வீசும், பக்கத்துக் குழிகளில் அதன் முட்டைகள். வால் பட்டு யாராவது குழியில் விழுந்தால் குஞ்சுகள் கூட்டமாகக் கிளம்பி வரும். நல்ல டாங்க் என்ன செய்வார்? குகையின் கோடி வரை அதை இழுத்துச் சென்று, சுவரில் தம் முதுகை வைத்து நிற்பார். சிறகடியில் தூக்கியெறியப்பட மாட்டார். நெருப்பும் தம் மேல் மட்டுமே விழும். மற்றவர்கள் விலாப்புறம் நின்று வேலையைக் கவனிக்கலாம். அவர் பதறி நாலடி நகர்ந்தால் டிராகனின் முகமும் திரும்பும். நெருப்பு கூட்டத்தின் மேல் பாயும்.

மூன்றாவது, சிக்கனம். அன்றைய விளையாட்டில் போர்வீரனுக்குக் கேடயச் சுவர் என்று ஓர் உபாயம் உண்டு. 10 விநாடிக்கு முக்கால் பங்கு அடி குறையும். ஆனால் மறுபடி எடுக்க அரை மணி ஆகும்! பயந்து முன்கூட்டியே எடுத்துவிட்டால் பெரிய அடி வரும்போது கையில் ஒன்றும் இராது. கடைசிவரை பத்திரப்படுத்தி, எடுக்காமலே விழுந்தவர்களும் உண்டு. எந்த அடி எப்போது வரும் என்பதைப் பழகிப் பழகித் தெரிந்து வைத்திருப்பவர், அடி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுப்பார்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது விட்டுக் கொடுப்பது. சில ராட்சதர்களின் அடி ஒவ்வொன்றும் அடுத்த அடியைக் கடுமையாக்கும். ஒருவரே தாங்க முடியாது. இரண்டாவது டாங்க் உரிய சமயத்தில் கோபத்தைத் தம் பக்கம் இழுத்துக் கொள்ள வேண்டும். "நானே சமாளிப்பேன்" என்று வீம்பு பிடித்தால் முதல்வர் விழுவார். பின்னாலேயே படையும் விழும்.

இத்தனையும் செய்தவருக்கு என்ன மரியாதை? ஜெயித்தால், யார் எவ்வளவு அடித்தார்கள் என்ற பட்டியலில் டாங்கின் பெயர் கீழே கிடக்கும். தோற்றால் முதல் வசவு அவருக்குத்தான். இதனால் டாங்காக வர ஆளே கிடைப்பது அருமையாகி, சிறு கோஷ்டிகளுக்கு ஆள் சேர்க்கும்போது, எந்த வேலைக்குப் பஞ்சமோ அதை ஏற்பவர்களுக்குத் தனி வெகுமதிப் பை தருவதென்று 2011-ல் அந்தக் கம்பெனியே ஏற்பாடு செய்தது என்றால் பாருங்களேன்!

ஆகவே சகோதரிகளே, ரெய்டு நடுவில் "சாதம் ஆறிப் போகிறது, எழுந்து வா" என்று பிளக்கைப் பிடுங்காதீர்கள். இந்த விளையாட்டை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. அவன் எழுந்தால் முகம் தெரியாத அத்தனை பேரும் விழுவார்கள். "எத்தனை மணிக்கு முடியும்?" என்று முதலிலேயே கேட்டு, சொன்ன நேரத்துக்கு எழுந்து வர வேண்டும் என்று கண்டிப்பாக இருங்கள். வாக்குத் தவறாமை டாங்குக்குத் தேவையான குணந்தானே!

சாப்பிட வந்து உட்கார்ந்து, "இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அம்மா" என்று அவன் சொல்லும்போது, "அப்படியானால் நீ என்னதான் செய்தாய்?" என்று மட்டும் கேட்டு விடாதீர்கள். நாள் முழுக்க வீட்டைக் கட்டிக் காத்துவிட்டு, சாயங்காலம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள் அல்லவா நாம்!