கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும்!

"கதிரைக் கண்டாயா? காணாத கதிரை விஞ்ஞானி நம்புகிறான். காணாத இந்தச் சக்தியை மட்டும் நீ ஏன் நம்ப மறுக்கிறாய்?"

கேள்வி கூர்மையானதுதான்! கேட்டவர் ஞானி அல்லர், வணிகர். எங்கள் ஊர் மண்டபமொன்றில் 'அகச்சிவப்புக் கதிர் வளையம்' விற்க வந்தவர். கையில் அணிந்தால் மூட்டுவலி பறந்துவிடுமாம், சர்க்கரை குறைந்துவிடுமாம், கண்ணேறுகூட அண்டாதாம்! விலை 1,500 ரூபாய். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், நூற்பாலையிலே கூலி வேலை பார்ப்பவர், கடன் பட்டு அந்த வளையத்தை வாங்கினார். வளையம் கைக்கு வந்தது. மாத்திரை கையைவிட்டுப் போயிற்று. மூன்றாம் வாரம் ஆலை வாயிலிலேயே மயங்கி விழுந்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "ஐயா, அகச்சிவப்புக் கதிர் என்பதே பொய்தானா?"

இல்லையம்மா! கதிர் மெய், கடைச்சரக்கு பொய். நேற்றைய பொய் சாம்பலைப் பூசிக்கொண்டு வந்தது. இன்றைய பொய், ஆய்வுக்கூடத்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது! வேடம் மாறிற்று, வேலை மாறவில்லை.

நான் அறிவியல் ஆசிரியன் அல்லன், வரலாறு கற்பிப்பவன். ஆகவே வரலாற்றிலிருந்தே விடை தருகிறேன்.

1800ஆம் ஆண்டு. இங்கிலாந்து நாடு. வில்லியம் ஹெர்ஷல், இசைக்கலைஞராக வாழ்வைத் தொடங்கி வானியலாராக உயர்ந்தவர், வண்ணக் கண்ணாடிகளின் வழியே கதிரவனை நோக்கிக் கொண்டிருந்தார். ஒரு கண்ணாடியில் ஒளி குறைவு, வெப்பம் மிகுதி. இன்னொன்றில் ஒளி மிகுதி, வெப்பம் குறைவு. ஏன்? முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்தார். கருமை பூசிய வெப்பமானியை நிறந்தோறும் வைத்தார். ஊதாவைவிடப் பச்சையில் வெப்பம் கூடிற்று. பச்சையைவிடச் சிவப்பில் கூடிற்று. சிவப்பையும் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் வைத்தார். அங்கே பாதரசம் இன்னும் மேலே ஏறிற்று!

காணாததை நம்பினாரா ஹெர்ஷல்? இல்லை, அளந்தார். "நம்புங்கள்" என்று கூறினாரா? இல்லை, "நீங்களும் அளந்து பாருங்கள்" என்று வழி காட்டினார். இதே ஹெர்ஷல், கதிரவனில் உயிர்கள் வாழ்கின்றன என்றும் எண்ணினார். அவர் அளந்து காட்டிய கதிரை ஏற்ற உலகம், அளக்காமல் சொன்ன அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டது. ஒளி வேறு, வெப்பக்கதிர் வேறு என்று அவர் கொண்ட முடிவையும் பின்வந்தோர் திருத்தினர். ஆசானின் பிழையை மாணவன் திருத்துவது அறிவியலில் குற்றமன்று; கடமை!

எங்கள் பள்ளியிலும் ஒரு முப்பட்டகம் உண்டு. ஆண்டுக்கு ஒருநாள், ஆயுத பூசையன்று, அலமாரியைவிட்டு வெளியே வரும்; சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொள்ளும்; மறுநாள் உள்ளே போய்விடும். பொட்டு வைத்தோம், பூட்டும் வைத்தோம், பயன்படுத்தினோமா? அந்தப் பெண் கேட்ட மறுநாள் சாவியை வாங்கினேன். சந்தனத்தைத் துடைத்தோம். மூன்று வெப்பமானிகளின் குமிழ்களில் கறுப்பு மை பூசினோம். பெட்டியின் நிழலில் நிறமாலை விழுந்தது. நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, சிவப்புக்கு அப்பால் வெறுமையில் ஒன்று. சில நிமிடங்களில் வெறுமையில் இருந்ததுதான் முந்திற்று. நாற்பது பிள்ளைகளின் கண்களிலே அன்று கண்ட ஒளியை அளக்க என்னிடம் கருவி இல்லை!

அந்தக் கதிர் இன்று என்னென்ன பணி புரிகிறது, பாருங்கள். அணுக்களைச் சேர்த்துக் கட்டும் பிணைப்புகள் சுருள்வில்களைப் போல ஓயாது அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு இசைந்த அகச்சிவப்புக் கதிரை மட்டுமே விழுங்கும். கரிமமும் உயிர்வளியும் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருந்தால், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,700 அலைகள் கொண்ட கதிர் மறையும். எந்தக் கதிர் மறைந்தது என்று பார்த்தால், உள்ளே எந்தப் பிணைப்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அமெரிக்கரான வில்லியம் கோப்ளன்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை இவ்வாறு ஆராய்ந்து 1905இல் வெளியிட்டார். மாத்திரையில் இருப்பது மருந்தா மாவா என்று வேதியியலார் இன்று கண்டு சொல்வதற்கு இது ஒரு வழி. பொய்யை உரிக்கும் கதிரின் பெயராலேயே பொய் விற்கிறார்களே, என்ன துணிவு!

1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். அவருடைய கட்டுரையை அறிஞர் அவையில் படித்தவரோ ஓர் ஆண்மகன்! 1859இல் ஜான் டிண்டால், அந்த வாயு வெப்பக்கதிரை விழுங்குவதை அளந்து காட்டினார். புவி சூடேறும் காரணத்தை இன்று உலகம் அறிந்திருப்பது இத்தகையோரின் உழைப்பால். டிண்டாலின் பெயர் நிலைத்தது. ஃபூட்டின் பெயரோ நூறாண்டுக்கும் மேலாக மறந்து கிடந்தது.

வீட்டுக்குள் வாருங்கள். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைச் செல்பேசியின் கேமரா வழியே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மினுக்கல் பல செல்பேசிகளில் தெரியும். கண்ணாடி இழைகளில் ஓடும் இணையச் செய்திகளும் அகச்சிவப்பு ஒளியாகவே ஓடுகின்றன. "அறிவியல் வீண்" என்று ஒருவர் அனுப்பும் செய்தியையும் இந்தக் கதிர் சுமக்கிறது; அதற்குப் பகை இல்லை!

2020இல், நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி மூளையைக் கெடுக்கும் என்று ஒரு வதந்தி பரவிற்று. அந்தக் கருவி அகச்சிவப்புக் கதிரை நம்மீது வீசுவதில்லை; நம் நெற்றி வீசும் கதிரை அது வாங்கி அளக்கிறது. ஆம், நாமே கதிர் வீசுகிறோம்! செங்கல் வீசுகிறது, சோற்றுப்பானை வீசுகிறது. சூடு கூடினால் கதிர் கூடும். அப்படியானால் அந்த 1,500 ரூபாய் வளையம்? உடலின் சூட்டை வாங்கிச் சூடேறிய வளையம், உடலுக்கே அதைத் திருப்பித் தருகிறது. நம் காசை வாங்கி நமக்கே கடன் கொடுக்கும் தந்திரம்!

தோழர்களே, இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையையே சொன்னவனாவேன். வளையத்தை வணங்காதே என்றவன், கருவியை வணங்கு என்று சொல்லலாமா?

விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரை 2021இல் வீடுதோறும் கண்டோம். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, குருதியில் உயிர்வளியின் அளவைக் கணிக்கும் கருவி அது. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970களில் கண்ட வழி. எண்ணற்ற உயிர்களைக் காத்த வழி. ஆனால் தோலின் கருநிறமும் ஒளியை விழுங்குமே! 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதனை அம்பலப்படுத்திற்று. கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டிய வேளையில், உண்மை அளவு 88க்கும் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தாரிடம் 11.7 விழுக்காடு! கதிருக்கு நிறவெறி இல்லை. எந்தத் தோலில் சோதித்து அளவு குறித்தோம் என்பதில்தான் ஓரவஞ்சனை. ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. கருநிறம் அமெரிக்காவுக்கு மட்டுமா உரியது?

இந்தக் குறையைக் கண்டது யார்? சாமியாரா? வளைய வணிகரா? இல்லை, கருவியை வணங்காமல், குருதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள்! அறிவியலின் பிழையை அம்பலத்துக்குக் கொண்டுவந்ததும் அறிவியலே. தன் பொய்யைத் தானே அம்பலப்படுத்திய வளைய வணிகர் ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம்!

ஆகவே, "காணாததை நம்பு" என்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அளக்க முடியுமா? நானே செய்து பார்க்கலாமா? தவறென்று தெரிந்தால் ஒப்புக்கொள்வாயா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அமர்ந்து கேளுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் எழுந்து வாருங்கள்.

அந்தத் தாய் மீண்டும் மாத்திரை உண்கிறார், ஆலைக்குப் போகிறார், கடனும் அடைகிறது. வளையம் என் மேசைமேல் கிடக்கிறது, தாள் பறக்காமல் இருக்க. முப்பட்டகமோ, இப்போது பிள்ளைகளின் கையில்!