மெஷினுக்கு ஒரு ப்ரொஃபைலா?

கலர் சரியில்லை என்று வாடிக்கையாளர் ஷீட்டைத் திருப்பி அனுப்பினால், ஆஃப்செட் அச்சகத்தில் இப்போது உடனே கிளம்பும் யோசனை ஒன்றுதான்: "உங்க மெஷினுக்குன்னு தனியா ஒரு ப்ரொஃபைல் போட்டுடுங்க." அளவுக் கருவி விற்பவர் சொல்கிறார், டிசைனர் சொல்கிறார், மெஷினைப் பக்கத்தில் போய்ப் பார்த்திராதவரும் சொல்கிறார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம், ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐசிசி ப்ரொஃபைல் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்ட் பேப்பரில் நாலு கலர் வேலை பார்க்கும் சாதாரண அச்சகத்துக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. சில நேரம் கெடுதலும்கூட.

தனி ப்ரொஃபைல் வந்தால் மெஷினில் நிறம் சரியாகிவிடும் என்கிறார்கள். ப்ரொஃபைல் மெஷினில் எதையும் சரிசெய்யாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு இன்னின்ன சதவீதத்தில் விழுந்தால் தாளில் தெரியும் நிறம் இது என்று சொல்லும் அட்டவணை அது. ஐடி8.7/4 என்ற சார்ட்டில் 1,617 கட்டங்கள் உண்டு. அவற்றை அச்சிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் அளந்து அட்டவணையைக் கட்டுகிறார்கள். சார்ட் ஓடிய நேரத்தில் மெஷின் எப்படி இருந்ததோ அதுதான் அதில் பதிவாகிறது. மெஷினோ அப்படியே இருப்பதில்லை. காலையில் குளிர்ந்து கிடக்கும் ரோலர் மதியத்துக்குள் சூடேறி இங்க் இளகும். தண்ணீரின் பிஎச் நகரும். பிளாங்கெட்டை மாற்றினால் டாட் கெயின், அதாவது தாளில் புள்ளி பருக்கும் அளவு, மாறும். இங்க் கீ ஒவ்வொன்றும் தன் பட்டைக்கு மட்டும் இங்க் விடுவதால், ஒரே ஷீட்டின் இரண்டு ஓரங்கள்கூட ஒத்துப்போவதில்லை. இந்த யதார்த்தம் தெரிந்துதான், ஓகே ஷீட்டின் சாலிட் நிறங்கள் இலக்கிலிருந்து டெல்டா ஈ என்ற நிற வித்தியாச அளவில் 5 வரை விலகலாம் என்று ஐஎஸ்ஓ 12647-2 இடம் விட்டிருக்கிறது. நாளுக்கு நாள் பருமன் மாறும் ஆளுக்கு ஒரே நாளில் அளவெடுத்துத் தைத்த சட்டைதான் இந்தத் தனி ப்ரொஃபைல்.

இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஒரு மாதம் கழித்தும் அந்த அட்டவணை பொருந்தும் அளவுக்கு மெஷின் நிலையாக ஓடுகிறதா? அப்படியானால் அதே மெஷினைப் பொது இலக்குக்கே கொண்டுவந்து நிறுத்திவிடலாம். நிலையாக ஓடவில்லையா? அப்போது எந்த ப்ரொஃபைலும் பொருந்தாது.

ஃபோக்ரா39 போன்ற பொதுத் தரவில் கட்டிய பொது ப்ரொஃபைல் என்றதும் அடுத்த ஆட்சேபம் எழும்: "ஃபோக்ரா39 ஜெர்மன்காரன் மெஷினுக்கு எழுதினது, நம்ம ஊருக்கு ஒத்துவராது." ஃபோக்ரா ஜெர்மனி நிறுவனம்தான். ஆனால் அந்தத் தரவு எந்த மெஷினையும் வர்ணிக்கவில்லை. இன்ன வகைத் தாள், இன்ன இங்க், இன்ன டாட் கெயின் என்ற அச்சு நிலையை வர்ணிக்கிறது. ஐஎஸ்ஓ 2846-1 தரத்தில் இங்க் வாங்கி, சாலிட் நிறத்தை அதன் லேப் (நிறத்தை எண்ணால் குறிக்கும் முறை) மதிப்புக்கு நிறுத்தி, பருக்கும் புள்ளியை பிளேட் எடுக்கும் சிடிபியில் கர்வ் போட்டு அடக்கினால் பழைய ஹைடல்பெர்க்கும் அந்த இலக்கைத் தொடும். செலவு செய்ய வேண்டிய இடம் அந்தக் கர்வ்தான்.

நம்ம தாளுக்கு ஒத்துவராது என்ற புகாரில் மட்டும் உண்மை இருந்தது. இன்றைய ஆர்ட் பேப்பர் பலவற்றில் வெண்மையூட்டி அதிகம், நீலம் தட்டும். ஃபோக்ரா39-ஐ வைத்து 2007-இல் வந்த ஐஎஸ்ஓ கோட்டட் வி2 ப்ரொஃபைல் அதைச் சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை. ஆனால் 2015-இல் வந்த ஃபோக்ரா51, புற ஊதாவையும் சேர்த்து அளக்கும் எம்1 முறையில், இப்படிப்பட்ட தாளை மனத்தில் வைத்தே உருவானது. அதற்கான பிஎஸ்ஓ கோட்டட் வி3 ப்ரொஃபைல் இணையத்தில் இலவசம். காசு கொடுத்துத் தனியாகச் செய்துகொள்ளும் முன் இதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டால் பலரிடமிருந்து பதில் வராது.

பெரிய சேதம் ஃபைலில்தான் நடக்கிறது. வெளியிலிருந்து வரும் பிடிஎஃப் ஏற்கெனவே ஏதோ ஒரு பொது ப்ரொஃபைலில் சிஎம்ஒய்கே ஆகியிருக்கும். அதை உங்கள் தனி ப்ரொஃபைலுக்கு மாற்ற, சாதாரண ஐசிசி வழியில் ஃபைல் லேப் வழியாகப் போய்த் திரும்புகிறது. அந்தப் பயணத்தில் கறுப்பு இங்க் எங்கே தனியாக இருந்தது என்ற தகவல் தொலைந்துபோகும். விளைவு, வெறும் கறுப்பில் இருந்த பொடி எழுத்து நாலு கலரிலும் உடைந்து விழும். ரெஜிஸ்டர் மயிரிழை பிசகினாலும் எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். டிவைஸ்-லிங்க் ப்ரொஃபைல் போட்டால் கறுப்பைக் காப்பாற்றலாம், ஆனால் அது இன்னொரு மென்பொருள், இன்னொரு செலவு. சிவகாசியில் காலண்டர் வேலை நெருக்கும்போது ஒரே சாமி படத்தை இரண்டு மெஷினில் பிரித்து ஓட்ட நேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே இலக்கில் நின்றால் ஒரு ஃபைல் போதும். தனித்தனி ப்ரொஃபைல் என்றால் முருகன் முகத்துக்கு இரண்டு ஃபைல், இரண்டு ப்ரூஃப், போதாக்குறைக்கு இரண்டு சண்டை.

இங்க் பிராண்டு மாறினால் தனி ப்ரொஃபைலை மறுபடி செய்ய வேண்டும் என்பதையும் விற்பவர் சொல்வதில்லை.

அதற்காகத் தனி ப்ரொஃபைலே கூடாது என்பதில்லை. கிராஃப்ட் அட்டை, வெள்ளி பூசிய போர்டு, ஏழு கலர் பேக்கேஜிங் இவற்றுக்கெல்லாம் அது வேண்டும். பழுப்பேறிய மேப்லித்தோவுக்கும் வேண்டியிருக்கலாம். பொது இலக்கின் தாள் நிறம் அங்கே வெகுதூரம் விலகியிருக்கும். நியூஸ்பிரின்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 26 சதவீத டாட் கெயினும் 240 சதவீத மொத்த இங்க்கும் கொண்ட பொது ப்ரொஃபைல் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. தனியாகச் செய்வதானால் முதலில் பிளேட் கர்வையும் கிரே பேலன்ஸையும் முடித்துவிட்டு, கட்டங்களைக் கலைத்து அடுக்கிய சார்ட்டை ஓட்ட வேண்டும். மெஷின் நிலைக்கு வந்தபின் நடுவிலிருந்து பல ஷீட்டுகளை உருவி, நன்றாகக் காயவிட்டு, அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஈரத்தோடு அளந்தால் காய்ந்தபின் இறங்கப்போகும் டென்சிட்டியும் அட்டவணையில் ஏறிக்கொள்ளும். மறுநாள் ஓடும் வேலையில் மெஷின்மேன் அந்த இல்லாத அடர்த்தியைத் துரத்தி இங்க் கீயைத் திறந்துகொண்டே இருப்பார்.