பட்டாளத்தாருக்குச் சலுகை, பழவேற்காட்டாருக்கு?

போர் இல்லாத நாளிலும் பட்டாளத்தானுக்கு வீடு இல்லை. பனிமலையில் நிற்கிறான், பாலைவனத்தில் நிற்கிறான், ஊர்பேர் தெரியாத முகாமில் நிற்கிறான். தாய் படுக்கையில் கிடந்தாலும் மேலதிகாரி கையெழுத்திட்டால்தான் அவனுக்கு ரயில். பிள்ளை நடை பழகியதை அவன் பார்த்ததில்லை. பிறர் சொல்லித்தான் கேட்டிருக்கிறான். இதனால்தான் உலகெங்கும் பட்டாளத்துக் குடும்பங்களுக்குப் பயணத்தில் சலுகை, தங்குமிடத்தில் சலுகை, கடைச் சரக்கில் சலுகை என்று வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு. "நாமும்தான் உழைக்கிறோம், அவனுக்கு மட்டும் என்ன குறைந்த கட்டணம்?" என்ற குரல் ஆலை வாசலிலும் எழுகிறது, மீன்பிடிக் குப்பத்திலும் எழுகிறது. கேள்வி பிறந்த இடம் நியாயமானது. போகிற திசைதான் தவறானது. "அவனுக்கு ஏன் கொடுத்தாய்?" என்று கேட்பவன், தன்னைப் போன்ற இன்னொரு ஏழையின் தட்டில் கை வைக்கிறான். "எனக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்பவனே தன் உரிமையைக் கேட்கிறான். இந்த வேறுபாட்டைப் பழவேற்காட்டு ஏரிக்கரையை முன்வைத்து இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில், சலுகை என்றால் என்ன என்று பார்ப்போம்.

அமெரிக்க ராணுவம் தன் படைவீரர்களின் குடும்பங்களுக்கென்றே விடுமுறை ஓட்டல்களை நடத்துகிறது. ஜெர்மனியின் மலையூரான கார்மிஷில் ஒன்று இருக்கிறது. ஹவாய்த் தீவின் வைக்கிகி கடற்கரையில் ஒன்று இருக்கிறது. புளோரிடாவில் டிஸ்னியின் கேளிக்கை நகரத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ராணுவ விமானத்தில் இடம் மிஞ்சினால், விடுப்பில் உள்ள வீரன் கட்டணமின்றி ஏறிக்கொள்ளலாம். அயலார் மண்ணில் அமெரிக்கப் பட்டாளத்துக்கு என்ன வேலை என்பது தனி வழக்கு. அதை இன்று நாம் எடுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டல்களின் வாடகைப் பட்டியலில் ஒரு விதி இருக்கிறது. அதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். பதவி குறைந்தவனுக்கு வாடகையும் குறைவு. ஒரே மாதிரி அறைக்குத் தளபதி கொடுப்பது அதிகம். சாதாரணச் சிப்பாய் கொடுப்பது குறைவு. பிரிட்டனிலோ, படைவீரருக்கும் குடும்பத்துக்கும் தனி ரயில் அட்டை உண்டு. அதைக் காட்டினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கழியும்.

நம் நாட்டு ஜவானுக்கு என்ன இருக்கிறது? விடுப்பில் ஊர் போய்வர ரயில் வாரண்டு இருக்கிறது. 1948 முதல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் நடக்கும் கான்டீன் இருக்கிறது. ஏர் இந்தியா சர்க்காரின் சொத்தாக இருந்த காலத்தில், உள்நாட்டுப் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் பாதியைப் படைவீரருக்குத் தள்ளிக் கொடுத்தது. அந்தக் கம்பெனி 2022 ஜனவரியில் டாட்டாவின் கைக்குப் போய்விட்டது. சர்க்கார் சிப்பந்திகளுக்கான விடுமுறைப் பயணச் சலுகையோ நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அயல்நாடு சுற்றிய வழிக்கு இதன் வரிவிலக்கு செல்லாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே பதவி குறையக் குறைய வாடகை குறைகிறது. இங்கேயோ பதவி உயர உயர வண்டியின் வகுப்பு உயர்கிறது! சலுகை யாருக்கு அதிகம் தேவை என்ற கேள்விக்கு, இரண்டு நாட்டு விதிப்புத்தகங்களும் இரண்டு விதமாகப் பதில் எழுதியிருக்கின்றன.

ஆகவே, பட்டாளத்தானுக்குச் சலுகை கூடாது என்பதல்ல நம் கட்சி. அவனுக்குக் கிடைப்பது போதாது என்பதே நம் கட்சி. அது தர்மமும் அல்ல, தட்சிணையும் அல்ல. சர்க்காரின் கட்டளைக்காக அவன் இழந்த நாட்களுக்கான விலை அது. கூலியின் ஒரு பகுதி, சம்பளச் சீட்டில் எழுதப்படாத பகுதி.

ஆனால் ஆளவந்தார்கள் அதை அப்படிப் பார்ப்பதில்லை. கொடுக்கும்போது கருணை என்கிறார்கள். பறிக்கும்போது நிதி நிலைமை என்கிறார்கள். கருணை என்று வந்தது எப்படிப் போகும் என்பதை நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. ரயிலில் மூத்த குடிமக்களில் ஆணுக்கு 40 சதவீதமும் பெண்ணுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில், கொள்ளைநோயைக் காட்டி அதை நிறுத்தினார்கள். நோய் ஓய்ந்தது, ரயில்கள் ஓடின, கூட்டமும் வந்தது. சலுகை மட்டும் ஆண்டுக்கணக்கில் திரும்பி வரவில்லை. பொன்னேரி ரயிலடியில் டிக்கெட் எடுத்து வேளாங்கண்ணிக்குப் புறப்படும் கிழவியைக் கேளுங்கள், அவள் சொல்வாள்.

பட்டாளத்திலேயே கை வைக்க அவர்கள் தயங்கவில்லை. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டு வேலை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே படையில் நீடிக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பட்டம் இல்லை, முன்னாள் படைவீரருக்கான வைத்தியத் திட்டம் இல்லை, கான்டீனும் இல்லை. ஒரே சீருடை, ஒரே துப்பாக்கி, எதிரே ஒரே எதிரி. ஊர் திரும்பிய பின் மட்டும் ஒருவன் முன்னாள் படைவீரன், இன்னொருவன் யாருமில்லை! சலுகையை உரிமையாக எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இங்கேதான் நாம் பழவேற்காட்டுக்கு வருகிறோம்.

சர்க்காரின் கட்டளைக்காக ஒருவன் தன் நாளை இழந்தால், அந்த நாளுக்குச் சர்க்கார் விலை கொடுக்க வேண்டும். பட்டாளத்தான் சலுகையின் அடியில் கிடக்கும் நியாயம் இதுதான் என்றால், சீருடை போடாமலே சர்க்காரின் கட்டளைக்கு நாள் கொடுக்கிறவன் எவனும் இந்த நாட்டில் இல்லையா? இருக்கிறான். லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறான். கூனங்குப்பத்தில் இருக்கிறான். கோட்டைக்குப்பத்தில் இருக்கிறான்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் ஏவுவதற்கென்று 1969-இல் அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. தீவில் இருந்த குடிகள் பெயர்ந்தன. மீனவக் குடும்பங்கள் சில பழவேற்காட்டுப் பக்கம் வந்து குடிசை போட்டன. அன்று தொடங்கியது இந்த மக்கள் நாட்டுக்குக் கொடுக்கும் காணிக்கை. இன்றும் அது முடியவில்லை.

ராக்கெட் ஏவும் நாள் வந்தால் குப்பங்களுக்கு உத்தரவு வருகிறது: கடலுக்குப் போகாதே. காரணம் நியாயமானதே. எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில் விழும். ஏதேனும் தவறு நேர்ந்தால் துண்டுகள் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே கடல் காலியாக இருக்க வேண்டும். மீனவன் மறுக்கவில்லை. வலையை உதறிக் கரையில் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து நிற்கிறான். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். டெல்லியில் பாராட்டுரை வாசிக்கிறார்கள். அன்று மாலை அவன் வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்று கேட்பார்தான் இல்லை.

ஏவுதல் தள்ளிப்போனால்? 2019 ஜூலை 15 விடியற்காலையில் கிளம்ப வேண்டிய சந்திரயான்-2, புறப்பட 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. பிறகு ஜூலை 22-இல் கிளம்பியது. விஞ்ஞானிகள் நிறுத்தியது சரியே. நூற்றுக்கணக்கான கோடிகளையும் பல்லாண்டு உழைப்பையும் அது காப்பாற்றியது. ஆனால் இப்படி ஒவ்வொரு முறை நாள் தள்ளும்போதும் கரையில் படகுகள் மறுபடியும் நிற்க வேண்டியிருக்கிறது. விஞ்ஞானிக்கு அந்த நாளும் சம்பள நாள்; காவல் நின்ற போலீஸ்காரருக்கும் சம்பள நாள். மீனவனுக்கு அது பட்டினி நாள். படகின் எஞ்சினுக்கு வாங்கிய கடனுக்கோ ராக்கெட் விடுமுறை தெரியாது; வட்டி நிற்பதில்லை. மீன் வராத நாளில், கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கும் வியாபாரம் இல்லை. ஐஸ் உடைப்பவனுக்கும் வேலை இல்லை.

இது மட்டுமா? 2008 நவம்பரில் பம்பாயைச் சுட்டெரித்த கூட்டம் கடல் வழியாக வந்தது. வருகிற வழியில் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றது. அந்தத் தாக்குதலில் முதலில் சிந்தியது சிப்பாயின் இரத்தமல்ல, மீனவனின் இரத்தம். அதன் பிறகுதான் கரையோர மக்களுக்கு அடையாள அட்டைகள், படகுகளுக்கு நிறக்குறிகள், ஆண்டுதோறும் கடலோரக் காவல் ஒத்திகைகள் எல்லாம் வந்தன. "மீனவர்கள்தான் கடலில் நம் கண்ணும் காதும்" என்று அதிகாரிகள் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் வயிறு உண்டா இல்லையா என்று நாம் கேட்கிறோம்.

"உயிரைக் கொடுப்பவன் சிப்பாய், ஒரு நாள் மீனை இழப்பவன் மீனவன். இரண்டும் ஒன்றாகுமா?" என்று கேட்பார்கள். ஒன்றென்று நாமும் சொல்லவில்லை. சிப்பாயின் தியாகத்துக்குத் தராசு கிடையாது. ஆனால் விடுப்புப் பயண வாரண்டு அவன் உயிருக்கு விலை அல்லவே! உயிருக்கு விலை வைக்க எந்தக் கஜானாவாலும் முடியாது. வாரண்டு, அவன் வீட்டைப் பிரிந்திருந்த நாட்களுக்கு ஈடு. அந்த நாட்கணக்கில் மீனவனுக்கும் பாத்தியம் உண்டு என்பதே நம் வாதம். அவன் ஆண்டில் சில நாள்தான் கொடுக்கிறான் என்றால், சில நாளுக்கே ஈடு கொடுங்கள். கணக்கு சிறிது என்பது கணக்கே இல்லை என்பதற்கு நியாயமாகாது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்றும் கேட்பார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கரை சேர்த்தார்கள். அவர்களைக் "கேரளத்தின் சொந்தப் பட்டாளம்" என்று அந்த மாநில முதலமைச்சரே அழைத்தார். வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை, படகு ஒன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் என்று அறிவித்தார். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் நம் கரையோர மீனவர்கள் படகோடு தெருவுக்கு வந்ததை மறந்துவிட முடியுமா? ஆக, மீனவனின் நாளுக்கு விலை வைக்க முடியும், வைத்தும் காட்டியிருக்கிறார்கள். ஒரு ராக்கெட்டுக்கு ஆகும் செலவில், கரையில் நிறுத்தப்படும் படகுகளுக்கான கூலி ஒரு திருகாணிக்கு ஈடாகுமா என்பதே சந்தேகம்!

நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஏவும் நாளும், ஏவத் தவறிய நாளும், கடலை மூடச் சொன்ன ஒவ்வொரு நாளும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குச் சம்பள நாளாக வேண்டும். படகுக்காரனுக்கு மட்டுமல்ல, படகில் போகும் கூலிக்கும், கூடை தூக்கும் பெண்ணுக்கும் அது சேர வேண்டும். கடலோரக் காவல் வேலையில் மீனவன் அடிபட்டாலோ உயிர் துறந்தாலோ, அவன் குடும்பத்தைச் சேவைக் குடும்பமாக ஏற்க வேண்டும். அக்னிவீரனாகப் போய்த் திரும்பி வருகிறவனுக்கு, மற்றப் படைவீரர்களுக்கு உள்ள சலுகைகள் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். இவை எல்லாம் மந்திரி வந்து அறிவிக்கும் கருணையாக இருக்கக் கூடாது. சட்டத்தில் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். எழுதியதை மாற்ற நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். கருணையை நிறுத்த யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். குப்பத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த நாள் உத்தரவு வந்தது, எத்தனை படகு நின்றது, எத்தனை பேர் கூலி இழந்தார்கள் என்று தேதிவாரியாக எழுதுங்கள். பஞ்சாயத்தார் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டைத் திருவள்ளூர் கலெக்டர் மேசையிலும், சட்டமன்றத்திலும், பாராளுமன்றத்திலும் வைக்க வேண்டியது நம் பொறுப்பு. கண்ணீரைப் புறக்கணிப்பவர்களும் கணக்கைப் புறக்கணிக்கத் தயங்குவார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பாடு உள்ள இடத்தை ஒருவனே வளைத்துக்கொள்ள முடியாது. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறைவைத்து வலை விரிப்பார்கள். அடுத்தவனுக்கு முறை வந்தால் அதற்காகப் பொறாமைப்படுவதில்லை. தன் முறையைக் கேட்கவும் தயங்குவதில்லை. எழுத்தறியாத முன்னோர் ஏரித் தண்ணீரில் எழுதிய இந்த நீதியைத்தான் டெல்லிச் சட்டப் புத்தகத்தில் எழுதச் சொல்கிறோம். பட்டாளத்தான் தன் பாட்டைப் பெறட்டும், நிறைவாகப் பெறட்டும். மீனவன் பாடு எப்போது?