மணி மண்டபங்கள் யார் பொறுப்பு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த சேதி வந்த பிறகுதான் மதுரை அரண்மனையில் திருமலை நாயக்கர் சாப்பிட உட்காருவார் என்று நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தச் சேதிக்காகவே வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டி, ஆள் நிறுத்தி, ஒரு மணியோசை கேட்டதும் அடுத்த மணியை அடிக்க வைத்தார்களாம். நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே கட்டபொம்மனைப் பற்றியும் இதே செய்தி உண்டு. கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்தி என்று ஆய்வாளர்கள் பேசட்டும். மதுரைச் சாலையில் நிற்கும் கல் மண்டபங்களைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஓசை காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆனால் எந்த மணியும் அத்தனை தூரம் கேட்காது. 3 கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்தாலும் 25 மண்டபம் வேண்டும். கயிற்றைப் பிடித்து நின்றவர் ஒவ்வொருவரும் 10 நொடி எடுத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்துக்குள் சேதி மதுரை போய்ச் சேர்ந்துவிடும். தந்தி வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு இது. நடுவில் ஒரே ஒருவர் கண்ணயர்ந்தால் போதும், சேதி அந்த ஊரோடு நின்றுவிடும்.

ஐரோப்பாவில் மணிக்காகவே கோபுரத்தை உயர்த்தினார்கள். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரமே ஒரு மணிக்கோபுரம்தான். நம் ஊரில் உயரமெல்லாம் ராஜகோபுரத்துக்குப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலை, 192 அடி. மணிக்கு உயரத்துக்குப் பதிலாக நீளத்தைக் கொடுத்தார்கள். ஓசை தடையில்லாமல் போக நாலு பக்கமும் திறந்த, நாலு தூண் மண்டபம் போதும். தனித்தனியாகப் பார்த்தால் சின்னக் கட்டடம். எல்லாம் சேர்ந்தால் 75 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கட்டடம்.

அதுவே அதற்கு வினையாகவும் ஆயிற்று. கோபுரத்துக்குக் கோயில் நிர்வாகம் இருக்கிறது, கும்பாபிஷேகம் இருக்கிறது. மண்டபத்துக்கு யார்? கோயில் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சாலைத் துறைக்கு அது ஓரத்தில் கிடக்கும் கல். ஊராட்சிக்கோ அது ராஜா காலத்துச் சமாச்சாரம். இதற்கிடையில் கல்லிடுக்கில் அரசங்கன்று வேர் விடுகிறது. ஆண்டுக்கொருமுறை மேலே தெரியும் தழையை மட்டும் வெட்டினால் வேர் உள்ளே பருத்துப் பலகைக் கல்லையே நெம்பிவிடும். வேரோடு எடுத்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசுகிறவர்களும் கெடுதல்தான் செய்கிறார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, பழைய கட்டு உள்ளுக்குள்ளேயே உதிரும்.

திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலை நமக்கு வேண்டும். விபத்துகளைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாம். மண்டபத்தைக் காட்டிச் சாலையை மறிக்கச் சொல்லவில்லை. இருப்பவை எவை, எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில் என்று ஒரே பட்டியல் வேண்டும் என்கிறோம். 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொன்மைச் சின்னங்கள் சட்டம் கையில் இருக்கிறது. தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் மதுரை, விருதுநகர் மாவட்ட நிர்வாகங்களும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இது முடியும்.

வெனிஸ் நகரின் மணிக்கோபுரம் 1902இல் இடிந்து விழுந்தது. இருந்த இடத்திலேயே, இருந்தபடியே கட்டுவது என்று நகர மன்றம் அன்றே முடிவெடுத்து, 1912இல் கட்டி முடித்தது. நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. விழாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

மண்டப வரிசை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடக்கே போகிறது. ராஜபாளையம் தெற்கே இருக்கிறது. அதனால் அது பக்கத்து ஊர்க் காரியம் என்று ராஜபாளையத்தார் ஒதுங்கிவிடக் கூடாது. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர் அது. 1936 முதல் பஞ்சாலைச் செல்வம் வளர்ந்த ஊர். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கு, கல்லூரிகளின் கட்டடப் பொறியியல் மாணவர்களின் உழைப்பு, இரண்டும் சேர்ந்தால் அளவெடுப்பும் வரைபடமும் ஒரு பருவத்திலேயே முடிந்துவிடும்.

அரசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் எல்லையில் மணி மண்டபம் இருந்தால், வரும் கூட்டத்தில் அதன் பெயரைச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். சுவரொட்டி ஒட்டக் கூடாது, கல்லைத் தொடக் கூடாது, துறையின் ஆலோசனை இல்லாமல் பூச்சு வேலை கூடாது என்று அதில் எழுதுங்கள். நகலைக் கலெக்டருக்கு அனுப்புங்கள். அடுத்த ஊர்த் தலைவருக்கும் ஒன்று அனுப்புங்கள்.